நனைகிற போர்வைக்கு ஏற்ற பஞ்சு

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, அதாவது என் அண்ணிக்கு, எதுவானாலும் சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். வாயில் வருவது மட்டும் சுத்தமான விஷம்.

எட்டு வயதாகியும் என் மகள் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாள். தானாகச் சரியாகிவிடும், திட்டாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணியின் சட்டம் வேறு. அது நிற்கிறவரை பிள்ளைக்குப் போர்வையே கிடையாதாம், ரப்பர் விரிப்பும் பழைய துண்டும் போதுமாம். குளிரில் அவள் முழங்காலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரரோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்.

போங்கடா என்று மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு அவளுக்கொரு போர்வைக்கு மேல்துணியைத் தைத்துவிட்டேன். இனி அதற்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சை விரித்து, சாணுக்கு ஒரு முடிச்சாகக் கையாலேயே கட்ட வேண்டும். பஞ்சு வாங்க மகளோடு கிளம்பினேன். தலையணை உறை வாங்க வேண்டுமென்று அண்ணியும் ஒட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் பருத்தி, கம்பளி, பாலியஸ்டர் என்று மூன்று சுருள்களை மேசைமேல் விரித்தார். பருத்தியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். மெல்லப் பிரிந்தது. முடிச்சுகளுக்கு நடுவே நகர்ந்து, நாலு தண்ணி பட்டதும் மூலையில் கட்டியாகப் போய் உட்காரும் சாதி அது.

"பருத்தியே கொடுங்க" என்றாள் அண்ணி. "விருந்தாளி அறைக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை துவைச்சா பெரிய விஷயம்."

கண்கூடச் சிமிட்டாமல் பொய் சொன்னாள்.

"அப்போ சரி. முடிச்சை மட்டும் நெருக்கமாப் போட்டுக்கங்க" என்று கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க அண்ணா. இதைத் தினமும் துவைக்கணும். ராத்திரி படுக்கறதுக்குள்ள காயணும்" என்றேன்.

"தினமுமா? ஏம்மா?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பினார்கள். மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"குடும்ப மானத்தை வாங்காதே. வாயை மூடு."

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறியது. தூங்குகிற பிள்ளை என்ன செய்வாள்? அதில் இவர்கள் மானம் எங்கே வந்தது?

"ஏன்னா நான் படுக்கையில மூத்திரம் போறேன்" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. "அடிப்பாவி! நாலு பேர் என்னடி நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரா வந்து துவைக்கப் போறாங்க? நினைச்சிட்டுப் போகட்டும். நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க அண்ணி."

அண்ணியின் கையை உதறிவிட்டேன். வெட்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாவம், என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

"கம்பளி தினம் துவைச்சா சுருங்கிடும்மா. இந்தப் பாலியஸ்டரை எடுத்துக்கங்க. அழுத்தி ஒட்டினது, நகராது. தண்ணி குடிக்காது, உதறிப் போட்டா சாயங்காலம் எடுத்துடலாம். மெல்லிசா, தடிமனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. கடைக்காரரைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தாள்.

"அம்மா இல்ல, நான்தான் போறேன். தடிமனாவே கொடுங்க. எனக்குக் குளிருது."