எங்க வீட்டுக் கண்ணு

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு டீ போட்டுக்கொண்டிருந்தாள். சமையல் மேடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஒரு டப்பாவைப் பிடித்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த டப்பாவுக்குக் கையை நீட்டினாள். சமையலறை வாசலில் நின்ற அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பதை நெருங்கும் பெண்ணுக்கு இதென்ன விளையாட்டு?

"கண்ணாமூச்சியா?" என்றார்.

"பழகிக்கிறேன்பா." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எப்படியும் வரப்போறதுதான. உங்கள மாதிரி பழக்கமில்லாம தடுமாற வேண்டாமேன்னு."

அவர் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டியவர். இப்போது அதே டிப்போவில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்கிறார். ஆனாலும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியாகத் தெரிகிற அளவுக்குத்தான் மிச்சமிருக்கிறது. அவருடைய அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே கதைதான். கல்யாணமான புதிதிலேயே டாக்டர் சோதித்துப் பார்த்து, நடுவயதில் உங்களுக்கும் வரும், பிள்ளைக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டார். "இது என்னோட போகட்டும்" என்று மனைவியிடம் சொன்னது அவர்தான். யாரென்றே தெரியாத ஒருவர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போன விந்தில் பிறந்தவள் இவள். அந்த விஷயத்தில் அவர் பெரிய மனிதராகத்தான் நடந்துகொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாருக்கும் தெரியக்கூடாது, பிறக்கிற குழந்தைக்கும்கூட.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. யாராவது "அப்பாவ உரிச்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவாது. குழந்தை மேசையில் இடித்துக்கொண்டு அழுதால் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக் கண்ணு, தப்பாம வந்திருக்கு!" என்பார், என்னவோ சொத்து எழுதிவைத்த மாதிரி. மனைவி தைத்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். தனியாக இருக்கும்போது, "விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க, அவ நம்பிடுவா" என்பாள். நம்பட்டுமே என்றுதான் அவருக்கு இருந்தது.

நம்பித்தான் விட்டாள்.

"அதெல்லாம் உனக்கு வராது" என்றார், சிரித்தபடி.

"நல்லா இருக்கே! நீங்கதான சின்ன வயசிலேருந்து சொல்லிட்டு வரீங்க." இப்போது கண்ணைத் திறந்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"டாக்டர்கிட்ட போய்ப் பாத்துடலாமே."

"பாத்து? இப்பவே தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?" அடுப்பைக் குறைத்தாள். "இதுக்காகத்தான் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கூட வேல பாக்கிறவர்கிட்ட. உங்களுக்குத் தெரியாது. அவருக்குக் குழந்தைங்கன்னா உசிரு. எனக்குப் பொறக்கிறதுக்கும் இது போகும்னு தெரிஞ்சே எப்படிப்பா?"

அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஆனால் அவள் எழுந்து வரவில்லை. இத்தனை வருஷமும் நிபந்தனையைக் காப்பாற்றியவள், உடைப்பதை அவருக்கே விட்டுவிட்டாள்.

அவர் பூசி மெழுக ஏதாவது கிடைக்குமா என்றுகூடத் தேடினார். அந்த நிலைமையிலும் தேடினார் என்பதுதான் அசிங்கம். இவளிடம் தன்னுடையது என்று காட்ட அவருக்கு இருந்தது இந்த ஒரு நோய்தான். அதுவும் பொய்.

"உனக்கு வராதும்மா" என்றார் கடைசியில். "வரவே முடியாது. நீ என் ரத்தமில்ல."

பிறகு மென்று முழுங்கி மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியை, தெரியாத அந்த ஒருவரை, தான் போட்ட நிபந்தனையை. பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். வழிந்ததைத் துணியால் துடைத்தாள், துடைத்து முடித்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"நிச்சயமா வராதா?"

"நிச்சயமா."

"போன மாசம் அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நானும் போயிருந்தேன். வாழ்த்திட்டுக்கூட வந்தேன்." துணியை மடித்து வைத்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

 அவள் சொன்னது மனதில் இறங்குவதற்கு முன்னாலேயே அவர் காது பொறுக்கியெடுத்தது அந்தப் பேச்சின் கடைசியில் இருந்த 'ப்பா'வைத்தான். இன்னும் அப்பா என்கிறாள் என்று உள்ளே ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. பெண்ணின் வாழ்க்கையைத் தின்றுவிட்டு நிற்கிற நேரத்தில், வெட்கங்கெட்ட சந்தோஷம். அதை உதறப் பார்த்தார். அப்படியும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

அவள் டீயை வடிகட்டி, தினமும் செய்கிற மாதிரி அவர் கையைப் பிடித்து டம்ளரை அதில் வைத்தாள். பிடித்துக்கொண்டாரா என்று பார்த்த பிறகுதான் கையை விட்டாள். பிறகு அம்மா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமும் இல்லை, அழுகையும் இல்லை. டம்ளர் கையைச் சுட்டது. மேடை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைக்காமல், அந்தக் கதவைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார்.