குழாயின் தொண்டையில் ஓர் அரைப்பூ

1

இந்தக் கதையில் பாதிதான் எனக்குச் சொந்தம். மீதியைக் கோரிப்பாளையம் சிக்னலில், ஷேர் ஆட்டோவில் கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பழம்பொருள்களுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பவர்போல. பக்கத்தில் இருந்த நண்பரிடம், "பூவ அந்தப் புள்ளதான் தேய்ச்சு அழிச்சிருக்கு. வீட்டு ஆளுக என் வாயவே பாக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். தர்கா வந்ததும் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். முழங்கால் விடவில்லை. (கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையும் இருந்திருக்காது.)

2

திருநகரில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில்...

இல்லை. மழையைக் கூப்பிட்டால் கதை தானாக உருகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். அப்படி உருகுவது எனக்குப் பிடிக்கவில்லை.

போனோகிராஃப் என்பது மனிதன் தன் குரலைத் தானே...

இது கட்டுரை. கிடக்கட்டும்.

மதிப்புப் போடுகிற ராதாகிருஷ்ணனுக்கு அது அன்றைய மூன்றாவது வீடு.

இது பரவாயில்லை. முதல் வீட்டில் பழைய தேர்ச்சிற்பம் என்று காட்டியது, புது மரத்தில் புகைபோட்டுக் கறுப்பாக்கியது. இரண்டாவது வீட்டில் தாத்தா காலத்துக் கடிகாரத்துக்குள் பேட்டரி இருந்தது. போகிற இடத்திலெல்லாம் மனிதர்களின் ஆசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வருவதுதான் தன் தொழில் என்று அவருக்குச் சமீபமாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. திருநகர் வீட்டுக் கதவைத் தட்டும்போதே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

3

வீடு சூரியபிரகாஷுடையது. சரக்கு வேன் ஓட்டுகிறவன். வேன் பழுதாகி நின்றபிறகு அவனுடைய நம்பிக்கை முழுவதும் கூடத்தில் ஸ்டூல்மேல் இருந்த அந்தப் போனோகிராஃப்மீதுதான். தட்டு சுழலும் கிராமபோன் இல்லை இது. அதற்கும் முந்தியது, மெழுகு உருளை சுழல்வது. அவனுடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரரின் பங்களா ஏலத்தில் எடுத்தது. பல வருடம் பரணில் சாக்குக்குள் கிடந்து, இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் வெளியே வந்தது.

ராதாகிருஷ்ணன் சாவி கொடுத்துப் பார்த்தார். சுருள்வில் பிடித்தது. பெயர்த்தகட்டைக் கண்ணாடி வைத்துப் படித்தார். வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். நிஜமான பொருளைக் கண்டால் மட்டும் வரும் பழக்கம் அது.

"ஒரிஜினல்தான்" என்றார்.

காபித் தம்ளர்களோடு வந்த சூரியபிரகாஷின் மனைவி மீனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சாக்குலருந்து எடுக்கையில கன்னங்கரேல்னு கெடந்துச்சுண்ணே. ஆயுத பூஜைக்குப் புளி போட்டு, கம்பி நாரால தேய்ச்சேன். வருசா வருசம் தேய்க்கிறதுதான். இப்பப் பாருங்க, தங்கமாட்டம்."

பாட்டு வெளியே வரும் பித்தளைக் குழாய் உண்மையிலேயே மின்னியது. வாயோரத்தில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

4

ராதாகிருஷ்ணன் செல்போன் வெளிச்சத்தைக் குழாயின் தொண்டைக்குள் அடித்தார். விரல் நுழையாத அந்த இடத்தில் மட்டும் கருநீலச் சாயம் இருந்தது. அதன்மேல் யாரோ கையால் வரைந்த வெள்ளைப் பூ. அரைப்பூ. இதழ்களின் மறுபாதியில் கம்பி நாரின் கீறல்கள். எல்லாம் புதுக் கீறல்கள்.

பூக்கள் முழுசாக இருந்திருந்தால் ஒரு விலை. இல்லையென்றால் அதில் நாலில் ஒரு பங்கு தேறும்.

(மீனாவுக்குத் தெரிந்திருக்குமா? புளித்தண்ணீர் நீலமாகக் கரைந்ததைப் பார்த்திருப்பாள். அழுக்கு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டிருப்பாள். சாமிக்கு வைக்கிற பொருள், சுத்தமாக இருக்கட்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பாள். அந்த இடத்தில் நானும் அப்படித்தான் தேய்த்திருப்பேன்.)

"ஏண்ணே, வீடியோவுல இதே மாதிரி ஒண்ணு பாத்தேன்" என்றான் சூரியபிரகாஷ். "குழா பூராம் பூப் போட்டிருந்துச்சு. அதுக்குத்தான் அம்புட்டு வெலையாம். நம்மளதுல என்னாச்சு? இவ தேய்ச்சதுலதான் போயிருச்சா?"

மீனா தம்ளர்த் தட்டோடு அப்படியே நின்றாள். டிவி உடைந்ததற்காகப் போன தையில் அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பங்குனியில்தான் திரும்பக் கூப்பிடப்பட்டவள். ஒரு டிவிக்கே அப்படி.

5

இந்த இடத்தில் பல நாளாக நிற்கிறேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, எழுதியதையெல்லாம் காட்டுகிறேன்.

முதல் முடிவில் ராதாகிருஷ்ணன் உண்மையைச் சொன்னார். மீனா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவள் மேலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக... அதற்குமேல் என்னால் முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில், "பூவில்லாத மாடலும் உண்டு தம்பி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை சாமி கும்பிடும்போது உறுத்தியது. அந்தச் சொல்லை நம்பி, எங்கேயோ ஒருவர் முழு விலை கொடுத்து வாங்குவார். மீனாவைக் காப்பாற்ற முகம் தெரியாத ஒருவரை ஏமாற்ற வேண்டுமா? பொய் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ள முடியாது.

6

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்தக் கூடத்தில் மீனாவுக்கென்று ஒருவரையும் நான் எழுதவில்லை.

அவளுடைய மாமனார் வெள்ளைத்துரை என் முதல் வரைவில் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார். மாலையைக் கழற்றினேன். கட்டிலில் உட்காரவைத்தேன். ஒரு மனிதரைத் திரும்ப உட்காரவைக்க எழுதுகிறவனுக்கு ஒரு வரி போதும். அதற்குப் போய் இத்தனை நாள் யோசித்திருக்கிறேன்.

வந்தவுடன் பேச ஆரம்பித்துவிட்டார். ராதாகிருஷ்ணன் குழாய்க்குள் குனிந்திருந்தபோதே, "பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு உத்துப் பாக்க மாட்டான் தம்பி" என்றார். மகன் அந்தக் கேள்வியைக் கேட்டதும், மருமகளை ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பூவெல்லாம் எப்பயோ போச்சுடா. பரண்ல ஏத்துறதுக்கு முன்னாடி நான்தான் சாம்பலப் போட்டுத் தேய்ச்சேன்."

"நீங்களா? எப்ப?"

"நீ தொட்டில்ல மோண்டுக்கிட்டுக் கெடந்தப்ப. தாயி, காப்பி ஆறுது, குடு."

"மாமா..." என்று ஆரம்பித்த மீனாவை அவர் கையமர்த்தினார்.

7

இந்தப் பொய்யால் வாங்குகிறவர் எவரும் ஏமாறப்போவதில்லை. பூ அழிந்துவிட்டது என்றுதான் ராதாகிருஷ்ணன் அறிக்கையில் எழுதுவார். விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். அழித்தது யார் கை என்று எழுத அதில் இடமே கிடையாது. இருந்தாலும் பொய் பொய்தான். என் மனது இரண்டு பக்கமும் போய்ப் போய்க் களைத்துவிட்டது.

வெள்ளைத்துரை சொன்னதை மகன் பாதிதான் நம்புகிறான். ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்புகிறான்.

"அப்படியாண்ணே? பழைய தேய்ப்புதானா?"

நான் பேனாவை உங்களிடம் தருகிறேன். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஆமா என்றோ இல்லை என்றோ, உங்கள் மனச்சாட்சிக்குப் பட்டதை அவர் வாயில் வையுங்கள்.

ரொம்ப நேரம் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் சூரியபிரகாஷுக்கு ஒரு பதில்.