கேட்டுக்கு வெளியே தாய்லாந்து

செர்மூவிடம் இருந்த நீலப் புத்தகம் பார்ப்பதற்கு அசல் பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். அது பாஸ்போர்ட் இல்லை என்பது அதை நீட்டுகிற இடத்தில்தான் தெரியும். அகதிகளுக்கென்று நார்வே அரசாங்கம் கொடுக்கிற பயணப் புத்தகம் அது. மியான்மரைத் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று உள்ளே அச்சடித்திருக்கிறார்கள். பிறந்த மண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்ச உலகத்தை வாரி வழங்கிவிட்டார்கள். அந்த மிச்ச உலகத்தின் வாசலில் போய் நின்று பார்த்தால்தான் வள்ளல்தனத்தின் லட்சணம் புரியும். மீன் ஃபேக்டரியில் அவளோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரிகள் சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தாய்லாந்துக்குப் பறந்து, தோல் கறுத்துத் திரும்பி வருகிறார்கள். செர்மூ போக வேண்டுமென்றால் விசா வாங்க வேண்டும். விசா வாங்க, தான் ஒரு சுற்றுலாப் பயணி என்று நிரூபிக்க வேண்டும். குடியுரிமை கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை. தாய்லாந்து-மியான்மர் எல்லையோர அகதி முகாமில், மூங்கில் வீட்டில், ஈரல் வீங்கிக் கண் மஞ்சளாகிப் படுத்திருந்தாள். மழைக்காலம் முடியும்வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று முகாம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செர்மூவின் தங்கை எசோ இதைப் போனில் சொன்ன அன்று அங்கே மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

செர்மூ விமானம் ஏறிய வருடத்திலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலைதான். மகள் போய்விட்டாள், அவளுடைய உயிர் மட்டும் வழி தெரியாமல் எங்கோ நின்றுவிட்டது என்று நினைத்தாள். வருடா வருடம் நூல் கட்டும் நாளில் ஏணிப்படியில் அகப்பையால் தட்டி, "செர்மூ உயிரே, வந்துரு, சோறு ஆறுது" என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட உயிர் மறுபடி ஓடாமல் இருக்கக் கையில் வெள்ளை நூல் கட்ட வேண்டும். கட்டக் கைதான் அங்கே இல்லை.

விசா வேலைக்குத் தாரா லேவா வந்து உட்கார்ந்தார். மியான்மரின் மலைப்பக்கத்துக் கரேன் இனத்தவர்கள் நாங்கள், பாதிரியாரையும் வாத்தியாரையும் தாரா என்றுதான் கூப்பிடுவோம். அவர் இரண்டுமே. அந்த நார்வே ஊருக்கு முதலில் வந்த கரேன் குடும்பம் அவருடையது என்பதால், விண்ணப்பம் நிரப்புவதும் அவர் தலையில் விழுந்திருந்தது.

"அம்மான்னு வாயத் தொறந்த, காரியம் கெட்டுது" என்றார் தாரா. "அம்மா அங்க இருந்தா நீ திரும்பி வரமாட்டேன்னு நினைப்பாங்க. நீ டூரிஸ்ட். டூரிஸ்டுக்கு அம்மா கிடையாது. கடல் இருக்கு, கோயில் இருக்கு, யானை இருக்கு."

செர்மூவின் கணவன் எக்கலூ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பிச் சிரித்தான். "யானையா? இவங்க அப்பா காட்டுல யானைய வச்சு மரம் இழுத்தவரு தாரா. யானை மேல உக்காரக் காசு கட்டிட்டுப் போற மொத கரேன் பொம்பள இவதான்!"

"நீ கம்முனு தேய்டா. யானைய எழுதும்மா."

எழுதினாள். மூன்று நாள் கடற்கரை, இரண்டு நாள் கோயில், ஒரு நாள் யானை. வேண்டாமென்றால் பணம் திரும்பி வரும்படி ஒரு ஓட்டலும் பிடித்தார்கள். ஃபேக்டரியில் விடுமுறைக் கடிதம் வாங்கினாள். எல்லாம் பொய், ஒரே ஒரு பதிலைத் தவிர.

'இதற்கு முன் தாய்லாந்துக்குச் சென்றதுண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. செர்மூ அதில் கொஞ்சம் யோசித்தாள்.

"ஏங்க, அந்த பஸ்ஸு கணக்குல வருமா?"

"எந்த பஸ்ஸு?"

"முகாம்லேந்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, ராத்திரி பூரா."

"எறங்குனியா?"

"எங்க எறங்க விட்டாங்க? ஒண்ணுக்குப் போறதுகூட பஸ்ஸுக்குள்ளயே."

"அப்பப் போகலதான்" என்றான் எக்கலூ.

செர்மூ 'இல்லை' என்று எழுதினாள். தாரா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்துப் பார்த்தார். அவருக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

தெரியாதுதான். முகாமில் வளர்ந்த எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. முகாமுக்கு ஒரு கேட், கேட்டின் குறுக்கே ஒரு மூங்கில் கட்டை, கட்டைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய். தாய்லாந்து அந்தக் கட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலியில் நுழைந்து சோளக்கொல்லை வேலைக்குப் போனவனை 'தாய்லாந்துக்குப் போயிருக்கான்' என்போம். சாலையில் பிடிபட்டவனை 'தாய்லாந்துல மாட்டிக்கிட்டான்' என்போம். எங்கேயாவது போகலாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை, 'போ, தாய்லாந்துக்குப் போ, சிப்பாய்கிட்டப் புடிச்சுக் குடுக்கறேன்' என்று அம்மாக்கள் மிரட்டுவார்கள். செர்மூ மூன்று வயதில் அப்பாவின் முதுகில் எல்லை ஆற்றைத் தாண்டி வந்தவள். இருபத்திரண்டு வயதுவரை அந்தக் கேட்டுக்குள் இருந்தாள். உள்ளே இருந்தது முகாம். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எந்த நாடாவது அதைத் தன்னுடையது என்று சொல்லியிருந்தால் அல்லவா தோன்றும்!

விசா கவுண்டர் தலைநகரத்தில் இருந்தது. செர்மூ அதிகாலை ரயிலில் போய் வரிசையில் நின்றாள். கவுண்டரில் தாய்லாந்துக்காரப் பெண் ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். நல்ல முகம். பின்னால் நடந்ததற்கு அவளைத் திட்ட வேண்டுமென்று செர்மூவுக்கு எத்தனையோ முறை தோன்றியும் அந்த முகம் வந்து தடுத்துவிட்டது.

"எதுக்குப் போறீங்க?"

"கடல் பாக்க."

"வேலை எங்க?"

"மீன் ஃபேக்டரி."

"அப்ப ஜன்னலத் தொறந்தாலே கடல்தான?"

"அது... குளிர் கடலுங்க. கால வைக்க முடியாது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நீலப் புத்தகத்தைப் புரட்டினாள், ஓட்டல் சீட்டைப் பார்த்தாள், முத்திரையைக் கையில் எடுத்தாள். காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அப்போது தன் ஊர்ப் பேச்சில், பாதி தனக்குத்தானே சொல்வதுபோல, "இப்பப் போய்ப் போறீங்களே, அங்க மழை கொட்டுது. கொசு புடுங்கி எடுத்துரும்" என்றாள்.

கேட் சிப்பாய்களின் பேச்சு அது. முகாம் கடைக்கு ஐஸ் கொண்டுவருகிறவனின் பேச்சு. எத்தனையோ வருடம் கழித்துக் காதில் விழுந்ததும் செர்மூவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதே பேச்சில், "பழக்கம்தான்க்கா" என்றாள்.

"அட! எங்க கத்துக்கிட்டீங்க?"

"முகாம்லக்கா. சிப்பாயிங்க பேசறதக் கேட்டு. அப்பறம் ரேடியோ."

"எந்த முகாம்?"

செர்மூ பெயரைச் சொன்னாள்.

"எங்க மாமியார் ஊருக்குப் பக்கமாச்சே அது! எத்தன வருஷம் இருந்தீங்க?"

"மூணு வயசுல வந்தேன். இருபத்திரெண்டுல கெளம்பினேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. விண்ணப்பத்தைத் திருப்பி வைத்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். "தாய்லாந்துக்கு வந்ததே இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாக்கா. வந்ததில்ல."

"முகாம் தாய்லாந்துலதான இருக்கு?"

"இல்லக்கா" என்றாள் செர்மூ. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. "தாய்லாந்து கேட்டுக்கு வெளிய."

கவுண்டர்காரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள். பின்னால் வரிசையில் யாரோ உஸ்ஸென்று பெருமூச்சு விட்டார்கள்.

உண்மைக்கு மாறான தகவல் தந்ததால் விசா இல்லை என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கடற்கரை, கோயில், யானை எல்லாம் உண்மையாகிவிட்டன. அந்த விண்ணப்பத்தில் இருந்த ஒரே உண்மைதான் பொய்யாகிவிட்டது.

"நீ எதுக்கு அந்தப் பேச்சு பேசுன?" என்றான் எக்கலூ. "முத்திரைய கையில எடுத்துட்டாங்கற. வாயப் பொத்திட்டு நின்னிருக்கக் கூடாதா?"

"நீதான எறங்கலன்னா போகலன்னு சொன்ன!"

"நான் பஸ்ஸச் சொன்னேன்டி."

"பத்தொன்பது வருஷம்!" செர்மூ கடிதத்தை மேசையில் அடித்தாள். "பத்தொன்பது வருஷம் அந்த மண்ணுல பொரண்டு வளந்திருக்கேன். இதுதான்டி தாய்லாந்துன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொன்னானா? அது தாய்லாந்துன்னா எதுக்கு வேலி? எதுக்குக் கட்டை? வெளிய போனா எதுக்குப் புடிச்சாங்க?"

எக்கலூ கடிதத்தை எடுத்து மடித்து வைத்தான். அவனுடைய அண்ணனும் ஒருமுறை 'தாய்லாந்தில்' பிடிபட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டவன்.

இரண்டாவது விண்ணப்பத்தைச் செர்மூ யாரையும் கூப்பிடாமல் தானே நிரப்பினாள். யானையை எழுதவில்லை. எதற்குப் போகிறீர்கள்: அம்மாவைப் பார்க்க. முன்பு சென்றதுண்டா: உண்டு. எத்தனை காலம்: பத்தொன்பது வருடம். அதற்கு அடுத்த கேள்வி, அப்போது எந்த வகை விசாவில் இருந்தீர்கள் என்பது. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. காலியாக விட்டாள். தாரா கேள்விப்பட்டுப் போன் செய்து, "கெடுத்தியே காரியத்த" என்றார். "கெடட்டும் தாரா. எங்கம்மா உசுரோட இருக்கறப்ப நான் எதுக்குக் கடலச் சொல்லணும்?" என்று வைத்துவிட்டாள்.

அதே கவுண்டர், அதே கண்ணாடிச் சங்கிலி. அந்தப் பெண் படித்துக்கொண்டே வந்து காலி இடத்தில் நிறுத்தினாள்.

"இத நிரப்பலியே."

"என்ன எழுதணும்னு சொல்லுங்கக்கா, எழுதிடறேன்."

அவள் உண்மையிலேயே யோசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, விடுகதைக்கு விடை தேடுகிறவள் மாதிரி யோசித்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். "என்ன எழுதினாலும் ஒண்ணுதான். பத்தொன்பது வருஷம் அனுமதி இல்லாம தங்கினதா ஆயிரும்."

"மூணு வயசுக்கா எனக்கு. அப்பா முதுகுல தூங்கிட்டு வந்தேனாம். நான் யாரக் கேட்டு எறங்கறது?"

"எனக்குப் புரியுது. கையெழுத்துப் போடறது நான் இல்லம்மா." புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது செர்மூவின் விரலை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட தினம் பேசுங்க."

இரண்டாவது மறுப்புக் கடிதம் வர அதிக நாள் ஆகவில்லை. காலையில் வந்ததைப் பிரித்துப் படித்து, மடித்து, வேலை உடுப்பின் பையில் போட்டுக்கொண்டு செர்மூ ஃபேக்டரிக்குப் போனாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அன்று அவள் வெட்டிய மீன்கள் பாதி வீணாய்ப் போயின, மேஸ்திரி வந்து ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

இடைவேளையில் எசோவின் வீடியோ கால் வந்தது. செர்மூ தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் எடுத்தாள். திரை குலுங்கியது. அம்மாவின் முகம், அதற்குப் பின்னால் வேகமாக ஓடுகிற மரங்கள்.

"செர்மூ! ஏய், தெரியுதா? கேட்டத் தாண்டிட்டேன்டி!" அம்மாவின் கண்கள் மஞ்சளாக இருந்தாலும் சிரித்தன.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா" என்றது எசோவின் குரல். "காலையிலேந்து ரத்த வாந்தி. வெளிய இருக்க மூணு நாளைக்குச் சீட்டுக் குடுத்திருக்காங்க."

"அவ கெடக்கறா. சிப்பாயே கட்டையத் தூக்கி விட்டான்டி எனக்கு! எசோ, போன அந்தப் பக்கம் திருப்பு, அவளும் பாக்கட்டும்."

போன் திரும்பியது. ஈரச் சாலை, சோளக்கொல்லை, கண்ணாடிக் கதவு போட்ட கடை, கோயில் கூரை, யாரோ ஒருவர் வாசலில் நாற்காலி போட்டுச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். செர்மூ அன்று பஸ்ஸின் திரைச்சீலை இடுக்கில் பார்த்தது எல்லாம் இருட்டு. இதுதான் முதல்முறை.

"எம்மாம் அகல ரோடு பாரு. அந்தக் கொல்லைக்கு வேலிகூட இல்ல!" மறுபடி அம்மாவின் முகம் வந்தது, களைத்து, மிக அருகில். "நான் தாய்லாந்து வந்துட்டேன்டி. நீயும் வரேன்னு சொன்னியே. நூல்கூட இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கேன். விசா குடுத்துட்டாங்களா?"

செர்மூவின் கை பைக்குள் இருந்த கடிதத்தின் மேல் இருந்தது. முன்பு தாய்லாந்துக்குச் சென்றதுண்டா என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் இரண்டு முறையும் உண்மையைச் சொன்னவள் அவள்.

"குடுத்துட்டாங்கம்மா" என்றாள். "டிக்கெட் போட்டாச்சு. யானையெல்லாம் பாக்கப் போறேன்."

"யானையா? காசு கீசு குடுத்துராத. உங்கப்பன் கேட்டா சிரிப்பான்." அம்மா இருமினாள். எசோ போனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா இறந்துபோனாள், கட்டிலுக்கு நேரே ஜன்னல் இருந்த அறையில். எசோ சடலத்தோடு அன்றைக்கே கேட்டுக்குத் திரும்பிவிட்டாள். அம்மா தாய்லாந்தில் ஒரு நாள்கூட அதிகமாகத் தங்கவில்லை. சீட்டில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது.