ஒரே தாங்கியில் மூன்று சாட்சி

கறுப்பு உடுப்பின் ஜிப் பாதி முதுகில் சிக்கியிருந்தபோதுதான் வாசல் மணி அடித்தது. நோலீன் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

ஆலை மேனேஜர் கிராண்ட். பின்னால் பாதுகாப்பு அதிகாரி கிளைவ், ஆள் நிர்வாகம் பார்க்கும் லியான். அடக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோன் ஊர் அலுமினா ஆலையில் பம்பு வெடித்து, கொதிக்கும் காரக் கரைசலில் வெந்துபோன அவள் புருஷன் காலின், தேவாலயத்தில் பெட்டிக்குள் கிடந்தான்.

"காலின் தானாவேதான் பம்புகிட்ட போயிருக்கார், நோலீன்," என்றான் கிராண்ட்.

"தானாவேதான் போயிட்டார்," என்றான் கிளைவ்.

லியான் தலையைச் சாய்த்து, கண்ணை ஈரமாக்கி, அதையே சொன்னாள். "விசாரணைல கேட்டா, அவர் சுபாவமே அப்படித்தான்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

பாடம் படித்த கிளிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தவர்கள் சோற்றையாவது கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவந்தது ஒரு டப்பா லாமிங்டன் கேக். அவர்களைப் பார்க்கவே நோலீனுக்கு அருவருப்பாக இருந்தது. "சர்ச்சுல பாக்கலாம்," என்று கதவைச் சாத்தினாள்.

அடுக்களையிலிருந்து தம்பி பெவன் வந்தான். ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவன். ஜிப்பை மேலே இழுத்துவிட்டவன் அங்கேயே, அவள் முதுகுப் பக்கம் நின்றபடி பேசினான்.

"பொய்யிக்கா. நான்தான் அனுப்புனேன்."

அவள் திரும்பவில்லை.

"அந்தப் பம்புக்கு நாலு சென்சார். நாலு சொல்றதையும் கலந்து கம்ப்யூட்டர் ஒரே முடிவா சொல்லும். மூணு நல்லாருக்குன்னுச்சு. சத்தம் கேக்குறது மட்டும் கத்துச்சு. ஒத்தை ஆள் பேச்சு அம்பலம் ஏறுமா? திரையில பச்சை. ரேடியோல, 'போ மச்சான், பயமில்ல'ன்னேன்."

"அந்த மூணும் ஏன் அப்படிச் சொல்லுச்சு?"

"மூணையும் ஒரே இரும்புத் தாங்கியில மாட்டி வச்சிருக்கானுங்க. தாங்கி பம்பவிட்டுக் கழண்டு தொங்குது. உள்ள என்ன நடக்குதுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? வெறுங்காத்த அளந்துட்டு சௌக்கியம்னுச்சு. தாங்கி கழண்டது கிராண்டுக்குப் போன மாசமே தெரியும். ஆலைய நிறுத்துறப்ப பாத்துக்கலாம்னான். இப்ப வாயத் தெறந்தா வேலை இல்லைங்கறான்."

மூன்று வாய், ஒரே தாங்கி. நோலீனுக்குச் சிரிப்பு வந்தது, கசப்பாக. தம்பியை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"விசாரணைல சொல்லுவியா?"

பெவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்தது. கூட வேலை செய்தவர்கள் பெட்டியைத் தூக்க வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் போய் முதல் கைப்பிடியைப் பிடித்திருந்தவன் கிராண்ட். அந்த விரல்கள் ஒரு நாளும் ஒரு போல்டைத் தொட்டதில்லை. பெவன் கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றான்.

நோலீன் எழுந்து போனாள்.

"கைய எடுங்க, கிராண்ட்."

"ஒரு மரியாதைக்காக..."

"உங்க மரியாதைய லாமிங்டனோட வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன். எடுங்க. டேய் பெவன், இங்க வா. அனுப்புனவன் நீதானே? நீயே கொண்டுபோய் விடு."

பெவன் வந்தான். முகம் முழுக்கக் கண்ணீர்.

"சொல்லிடுறேன்க்கா," என்றான். பின்வரிசை வரை கேட்டது. "எல்லாத்தையும் விசாரணைல சொல்லிடுறேன்."

பெட்டி தோளேறி வாசலைத் தாண்டியது. கிளைவும் லியானும் கிராண்டின் முகத்தைப் பார்த்தார்கள். அவனுடைய வலது கை, பிடி போனது தெரியாததுபோல், இன்னும் மூடியே இருந்தது.