முன்பல்லுக்குக் கண்ணீர் அஞ்சலி

இசக்கிப்ரியாவின் முன்பல் செவ்வாய்க்கிழமை இறந்தது. புதன்கிழமை விடிவதற்குள் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். நடுவில் மாலையோடு பல்லின் படம். கீழே, துயரத்தில் வாடும் மற்ற இருபத்து மூன்று பற்களின் பெயர்கள்.

அவளுக்கு வயது எட்டு. கோ-கோ ஆடும்போது கம்பத்தில் மோதிவிட்டாள். பால்பல் விழுந்து முளைத்த பல் அது. போனால் போனதுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் வாயைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"பல்லு சாகல. ஆடக்கூட இல்ல" என்றாள் இசக்கிப்ரியா.

"ஏட்டி, போஸ்டரே ஒட்டியாச்சு. இனி சாகலன்னா ஊரு சிரிக்காதா?" என்றாள் அம்மா பேச்சிக்கனி.

இசக்கிப்ரியா தெருமுனைக்குப் போய் ஒரு சுவரொட்டியைக் கிழித்தாள். அடியில் அதே பல், இன்னும் பெரிதாக. அதையும் கிழித்தாள். ஏழாவதைக் கிழித்தபோது சுவர் இல்லை. பல் மருத்துவமனை இருந்தது. உள்ளே போனாள். பின்னாலேயே வந்த அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள்.

டாக்டர் கமருன்னிசா எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"உள்ள நரம்பு செத்தது நெசம். ஆனா வேர் இன்னும் வளந்து முடியல. நுனி திறந்திருக்கு. சுத்தம் பண்ணி, நுனிக்கு அந்தப் பக்கம் லேசாக் குத்தினா ரத்தம் ஏறும். அது உறைஞ்சா, அதைப் பிடிச்சு வேர் வளரலாம்."

"வலிக்குமா?"

"மரக்க ஊசி போடுவேன். அந்த ஊசி வலிக்கும்."

"போடுங்க" என்றாள் இசக்கிப்ரியா.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து இறப்புப் பதிவு எழுத்தர் சங்கரலிங்கம் எழுந்தார். கையில் குறடு.

"அஞ்சலி ஒட்டின பல்லு வாயில இருக்கப்படாது. எடுத்துட்டுப் போணும்."

"உயிரு வந்துட்டா?" என்று கேட்டாள் பேச்சிக்கனி.

"அதுக்குப் படிவம் இல்லம்மா."

"அப்ப உக்காருங்க. டாக்டரம்மா, நீங்க குத்துங்க" என்றாள் பேச்சிக்கனி.

டாக்டர் சுத்தம் செய்து மருந்து வைத்தார். மூன்று வாரம் காத்திருந்தார்கள். சங்கரலிங்கம் குறடோடு நின்றுகொண்டே இருந்தார். பிறகு டாக்டர் குத்தினார். ரத்தம் ஏறியது. மேலே சிமென்ட் வைத்து மூடினார். வேர் வளர ஒரு வருஷம் ஆகும் என்றார். அங்கிருந்த கடிகாரத்துக்கு வேறு வேலை இருந்ததால், ஐந்து நிமிஷத்தில் வருஷத்தை முடித்துக்கொண்டு கிளம்பியது.

சங்கரலிங்கம் பல்லைக் குறடால் பிடித்து இழுத்தார்.

பல் வரவில்லை. நாற்காலி வந்தது. தரை ஓடுகள் வந்தன. இன்னும் இழுத்தார். ஆற்றுப்பாலம் ஜன்னல் வரை வந்து நின்றது. அதன் மேல் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது.

அவர் வியர்வையைத் துடைத்தார். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"வேர் வளந்துட்டே இருக்கு சார்" என்றார் டாக்டர்.

இசக்கிப்ரியா குறடை வாயிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மூச்சு வாங்கிட்டு இழுங்க சார்" என்றாள். வாயை அகலமாகத் திறந்தாள்.