பூசைக்குப் போன லேத்து

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்து ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் ஜெரோமுக்குத் தான் ரொம்ப விவரமான ஆள் என்றொரு நினைப்பு இருந்தது. ஆயுத பூசைக்கு முதல் நாள் வரைக்கும்தான்.

இரும்பு கடைசல் பட்டறை நடத்திவந்த சுரேந்தரின் லேத்து அப்போது ஜெரோமின் பட்டறையில் நின்றது. ஸ்பிண்டிலைப் பிரித்து, பேரிங் மாற்றி, மூன்று வாரம் மாரடித்து ஓடவிட்டிருந்தார். கூலியும் சாமானுமாக எழுபதாயிரம் வரவேண்டும். பேரிங் வாங்கக் காசில்லாமல் மனைவி டெய்சியின் ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தார். பொங்கலுக்குள் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும்.

அன்று சுரேந்தர் வந்து கையைப் பிசைந்தார்.

"ஜெரோமண்ணா, நாளைக்குப் பூசைங்க. மிசினு எடத்துல இல்லாம எதுக்குங்க பொட்டு வெக்கறது? பொரி படைச்சு முடிச்சதும் அடுத்த நாளே பணத்தோட வாரேனுங்க."

வேறு யாராவது என்றால் பணத்தை வை, மிசினை எடு என்றிருப்பார்கள். நம் ஆளுக்கு வாய் வரவில்லை. தன் பட்டறையில் மாதா படத்துக்குக் கீழேயே வருசம் தவறாமல் மிசினுக்குப் பொட்டு வைக்கிறவர், அடுத்தவன் பூசையை மறிப்பாரா? "அதுக்கென்னங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். டெம்போ வாடகையும் தானே கொடுத்தார். மறுநாள் போய்ப் பொரிகடலையும் தின்றுவிட்டு வந்தார். அட மகராசா!

அதற்கடுத்த நாள் சுரேந்தர் போனை எடுக்கவில்லை. அந்த வாரமே அவர் பட்டறைக் கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆள் கடனில் மூழ்கி ஊரைவிட்டே போயிருந்தார்.

கதையைக் கேட்ட வக்கீல் தாஜுன்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்ண்ணா, அந்த லேத்து உங்க கையில நின்ன வரைக்கும் வரிசையில நீங்கதான் மொதல் ஆளு. உங்க கூலியத் தீக்காம பேங்க்காரங்களே அத நகத்தறது செரமம். கைய உட்டுப்போட்டீங்களே! இப்ப அத ஈடா வெச்சுக் கடன் குடுத்த பேங்கு மொதல்ல. அதே மிசின் மேல பொறகு கடன் குடுத்த பைனான்சு ரெண்டாவது. மிச்சமிருந்தா மத்தவங்களுக்கு."

"அப்ப நானுங்க?"

"மத்தவங்க."

ஜெரோமுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. முதல் ஆளாக நின்றவன், கைக்காசில் டெம்போ பிடித்துத் தன்னைக் கடைசிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறான். இப்படியொரு புத்திசாலியைக் கோயமுத்தூர் ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது.

மார்கழியில் ஏலம். ஏதாவது மிஞ்சாதா என்ற நப்பாசையில் போய் ஓரமாக நின்றார். வந்தவர்கள் லேத்தைப் பழைய இரும்பாகத்தான் பார்த்தார்கள். ஏலக் கேள்வி இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை.

"யாருக்காவது இத ஓட்டத் தெரியுமாங்க?" என்றார் பேங்க் மேனேஜர் அம்மா.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கால் முன்னே போய்விட்டது. சுவிட்சைப் போட்டார். ஓடுகிற மிசின் தலையில் ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வைத்தார். காசு ஆடவில்லை, விழவில்லை. கூட்டம் நெருங்கி வந்தது. விலை ஏறி ஏறி நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் நின்றது.

பேங்க் கடனோ ஐந்து லட்சம். பைனான்சுக்கே ஒன்றும் மிஞ்சவில்லை. மத்தவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"உங்க கைவேலையாலதானுங்க இந்த வெல வந்துச்சு" என்று அந்த அம்மா கும்பிட்டார். வெட்கக்கேடு என்னவென்றால், ஜெரோமுக்கு அதில் உச்சி குளிர்ந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, எவ்வளவு தேறுச்சு?" என்றாள் டெய்சி.

காசு விழாமல் நின்றதையும், மேனேஜர் கும்பிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அந்த நல்ல பேர நாளைக்கு அடகுக்கடையில வெச்சுப் பாருங்க. சங்கிலியக் குடுத்தாங்கன்னா வாங்கிட்டு வாங்க."

ஜெரோம் சிரித்தார். டெய்சி சிரிக்கவில்லை. அவள் சோறு போட எழுந்து போன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.