சிரிக்காத நாற்பது நிமிடம்

லாத்தீர் ஃபாயின் இடது சிறுநீரகத்தில் பதினொரு மில்லிமீட்டருக்கு ஒரு கல். வலி வந்தால் கவுலாக் ஊரின் பேர்போன மேளக்காரன் ஆடு மாதிரிக் கத்துவான். மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். இன்று மெஷின் அடிக்கும் அதிர்வலைக்குக் கல் உடையாவிட்டால் ஆபரேஷன்தான், அப்புறம் இரண்டு மாதம் மேளத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் மகள் கல்யாணத்தில் வேறொருவன் கொட்டுவதா?

மெஷின்காரன் பெயர் யேரோ சோ என்று தெரிந்ததும் லாத்தீரின் முகம் மலர்ந்துவிட்டது. ஃபாய் என்றால் செரேர் இனம், சோ என்றால் மாடு மேய்க்கும் ஃபுலா இனம். இரண்டு கூட்டமும் கேலிமுறை. முன்பின் பார்த்திராவிட்டாலும் ஒருவனை ஒருவன் அடிமை என்பான், தின்னிமாடு என்பான். கோபப்படுவதுதான் குற்றம்.

"வாடா என் அடிமை. எஜமான் வயித்துல கல்லு இருக்கு, எடுத்துக் குடு," என்றான் லாத்தீர், படுத்துக்கொண்டே.

"உள்ள கம்பு மூட்டையே கிடக்குமே, கல்லை எங்க போயி தேடுறது?"

லாத்தீர் குலுங்கிச் சிரித்தான். திரையில் கல்லும் குலுங்கிக் குறியை விட்டு விலகியது. யேரோ மறுபடி குறி வைத்தான். டக், டக் என்று அடி விழத் தொடங்கியது. பத்து அடி தாண்டவில்லை, மாடு மேய்க்கிறவன் கையில் மெஷினை யார் கொடுத்தது என்று லாத்தீர் கேட்க, யேரோவே சிரித்துவிட்டான். அதைப் பார்த்து இவன் சிரிக்க, கல் மறுபடி ஓடிவிட்டது. இப்படியே நாலு தடவை. ஒதுக்கிய நேரம் கரைந்துகொண்டிருந்தது.

யேரோ மெஷினை நிறுத்தினான். கேலிமுறைக்காரன் மனசார ஒன்று கேட்டால் மறுக்கக்கூடாது என்பதும் அதே வழக்கம்தான்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாப்பது நிமிஷம் நாம ரெண்டு பேரும் யாரோ எவரோ. அப்படி நினைச்சுட்டுப் படு."

லாத்தீர் கண்ணை மூடிக்கொண்டான். நாக்கு நுனிவரை வந்த கேலியை எல்லாம் விழுங்கினான். தாளம் தப்பாமல் காதில் விழுந்த அந்த அடிக்கு ஒரு விரல்கூட அசையவில்லை. மேளக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

"மணலாப் போச்சு, எந்திரி," என்றான் யேரோ கடைசியில்.

வீட்டில் லாத்தீர் சிறுநீரைத் துணியில் வடிகட்டினான். ஒரு வாரம் மணல் வந்தது, அப்புறம் நின்றது. இனி கொட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று கூட்டத்தில் யேரோவைக் கண்டதும் லாத்தீர் மேளத்தை நிறுத்தி, அன்று விழுங்கிய கேலி அத்தனையையும் ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டான். ஊரே சிரித்தது. யேரோ விலாவைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு வாய் திறக்கப் போனான்.

அதற்குள் லாத்தீர் எல்லோர் முன்னாலும் குனிந்தான்.

"இன்னிக்கு ஒருநாள் நீதான்டா எஜமான். என் பொண்ணு கல்யாணத்துல நான் கொட்டுறேன், அது நீ குடுத்தது."

யேரோ சோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டுடா என்று கையை மட்டும் காட்டினான்.